எட்டுக்கு நாற்பத்திரண்டு: அரிட்டாபட்டி மலையடியில் ஒரு பைனாகுலர்

பைனாகுலருக்கு இணையத்தில் கிடைக்கும் மதிப்புரைகளில் பாதி, பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதியவை. "நல்ல பொருள், சீக்கிரம் வந்து சேர்ந்தது" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். நான் வாங்கத் தேடியபோது எனக்குத் தெரியவேண்டியிருந்ததே வேறு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடியுமா? விடியும் நேரத்தில் கண்மாய்க்கரையில் நின்றால் பறவையின் நிறம் தெரியுமா, இல்லை எல்லாம் கருப்பாகத் தெரியுமா? ஐப்பசி மழையில் நனைந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்குமா? மலைமேல் உட்கார்ந்திருக்கும் வல்லூறு எந்த வல்லூறு என்று அடித்துச் சொல்லும் அளவுக்குத் தெரியுமா? இதற்கெல்லாம் எங்கேயும் பதில் கிடைக்கவில்லை. இப்போது எனக்குப் பதில் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

பொருள் 8×42 பைனாகுலர். 2024 டிசம்பரில் மதுரையில் ஒரு கடையில், பத்தாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இதே அளவில், இதே விலையில் நான்கைந்து கம்பெனிகள் செய்கின்றன. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் குறைகளையும் சொல்லப்போகிறேன், ஒரு பொருளை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கம்பெனியையே குறை சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனியைவிட அந்த இரண்டு எண்கள்தான் முக்கியம் என்பது என் அனுபவம்.

நான் மேலூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவள். நாற்பத்தாறு வயது, மைனஸ் நான்கு கண்ணாடி. காலை ஐந்து மணிக்குப் பால் அளக்க உட்கார்ந்தால் ஏழு மணிக்கு வேலை முடிந்துவிடும். மறுபடி மாலைதான். நடுவில் உள்ள நேரத்திலும், வேலை இல்லாத நாள் விடியலிலும்தான் பறவை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே பறவை என்றால் உயிர் என்றெல்லாம் கிடையாது. ஆள்காட்டி, செம்போத்து, தவிட்டுக்குருவி, கொண்டலாத்தி, பனங்காடை இவையெல்லாம் வீட்டு ஆட்கள் மாதிரி கூடவே இருந்தன. தனியாக நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பார்க்க வைத்தது ஒரு கேள்வி. 2024 நவம்பர் 7 அன்று எங்கள் மேலூர் வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குப் போன செய்தி வந்தது. ஏலம் விட்ட பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமும் அதற்குள்ளேயே வந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது அது, மாநிலத்திலேயே முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 இயற்கைச் சுனைகள், சுமார் 250 பறவையினங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழிக் (தமிழ்-பிராமி) கல்வெட்டும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் உண்டு. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் உண்டு. கிரானைட்டுக்காக மலைகளை அறுத்து எடுத்ததை ஏற்கெனவே கண்ணால் பார்த்த வட்டாரம் இது. செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடுகள்கூட இருந்தன.

அந்த வாரத்தில் நடந்த ஊர்க்கூட்டம் ஒன்றில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "இந்த 250-ல நாம பார்த்தது எத்தனை? யார் பார்த்தது, எந்தத் தேதியில பார்த்தது? எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கோமா?"

யாரும் பேசவில்லை. எனக்கு அது என்னைப் பார்த்தே கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. சொசைட்டியில் ஊற்றிய பாலை நோட்டில் ஏற்றாமல் விட்டால், பத்து நாள் கழித்து அந்தப் பாலுக்குக் காசு கேட்க முடியாது. ஊற்றியது உண்மைதான். ஆனால் லிட்டர், பாலின் தரம் காட்டும் டிகிரி, தேதி, வேளை எதுவும் நோட்டில் இல்லையே. எங்கள் மலைகளின் கணக்கை நாங்கள் இப்படித்தான் ஏற்றாமல் விட்டிருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பறவை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண் தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "அக்கா, அந்தப் பாறை விளிம்புல வெள்ளையா எச்சம் வழிஞ்ச கோடு தெரியுதா, அதுக்கு மேல பாருங்க" என்றது. பார்த்தேன். கருநீல முதுகு, செம்பழுப்பு வயிறு, தலையில் தொப்பி வைத்தது போலக் கருப்பு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அது தலையைத் திருப்பி என்னைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. ஷாஹீன் வல்லூறு என்றார்கள். நாற்பத்தாறு வருடமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

உடனே ஒன்று வாங்கிவிட்டேன். அங்கேதான் முதல் தவறு செய்தேன். கைப்பேசியில் தேடி 20×50 என்று போட்டிருந்த ஒன்றை ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வரவழைத்தேன். எட்டு மடங்கைவிட இருபது மடங்கு பெரிதுதானே என்று நினைத்துவிட்டேன். வந்ததும் கண்ணில் வைத்தால் மலை நடுங்குகிறது. இருபது மடங்கு பெருக்கும்போது கை நடுக்கமும் இருபது மடங்கு பெருகிவிடும். பறவையைக் கண்டுபிடிக்கவே முடியாது, தெரியும் வட்டம் அவ்வளவு சின்னது. அதோடு இரண்டு குழலும் ஒன்றுபோல நேராக இல்லை. பத்து நிமிடம் பார்த்தால் தலைவலி வந்துவிடும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

சரி, அந்த 8-க்கும் 42-க்கும் அர்த்தம் என்ன? எட்டு என்பது பெருக்கம். எண்பது மீட்டரில் இருக்கும் கொக்கு, பத்து மீட்டரில் நிற்பது போலத் தெரியும். நாற்பத்திரண்டு என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 வரும். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு அது. பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டினால், பின்பக்கக் கண்ணாடியில் அந்த வட்டம் வெள்ளையாகத் தெரியும். விடியற்காலையில் நம் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும், அதற்கு இந்த அளவு வெளிச்சம் வேண்டும். என் பழைய 20×50-இல் கணக்குப் போட்டால் 2.5 மில்லிமீட்டர்தான். ஆறேகால் மணிக்கு ஆனைகொண்டான் கண்மாயில் அதை வைத்துப் பார்த்தால் எல்லாப் பறவையும் ஒரே மாதிரிக் கருப்பு. 8×42-ஐ வைத்துப் பார்த்தால், அதே நேரத்தில் புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனியில் இருக்கும் மஞ்சள் தெரிகிறது.

10×42 வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். மலையில் உள்ள கழுகை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது பயன்படும். நடந்துகொண்டே புதரில் தாவும் குருவியைத் தேடுகிறவர்களுக்கு எட்டுதான் நல்லது. கை நிற்கும், வட்டமும் அகலம். என்னுடையதில் 1,000 மீட்டர் தூரத்தில் 130 மீட்டர் அகலம் தெரிகிறது.

கண்ணாடி போட்டவர்கள் பார்க்கவேண்டிய இன்னொரு எண் உண்டு. அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் eye relief என்று போட்டிருப்பார்கள். பின்பக்கக் கண்ணாடியிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழு வட்டம் தெரியும் என்று சொல்லும் எண் அது. பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மூக்குக்கண்ணாடியோடு பார்க்க முடியாது, ஓரம் எல்லாம் வெட்டுப்படும். என்னுடையதில் பதினேழு. கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே திருகி இறக்கிவிட்டால் போதும். முதல் நாளிலிருந்தே கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கிறேன். இதற்காகவே இந்தப் பைனாகுலருக்கு நான் நன்றி சொல்வேன். கழற்றி, மாட்டி, கழற்றிக்கொண்டிருந்தால் பறவை போய்விடும்.

கடையில் சோதித்துப் பார்த்தபோது கடைக்காரர் பொறுமையாக ஆறு பைனாகுலர்களை எடுத்து வைத்தார். கடைக்குள்ளே பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுபோய், எதிர்க் கட்டடத்தின் டிவி ஆன்டெனாவை வானத்துக்கு எதிராகப் பார்த்தேன். கம்பியின் ஓரத்தில் ஊதாக்கோடு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கவேண்டும் என மதுரைப் பிள்ளைகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதில் கொஞ்சம் தெரிந்தது. அதற்கு மேல் விலையுள்ளதில் தெரியவில்லை, ஆனால் அது இருபத்தெட்டாயிரம். எனக்கு முடியாது.

அந்த ஊதாக்கோடு எங்கே தொந்தரவு செய்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பேர் வாங்கிய வேட்டைப் பறவைகள் மூன்று: ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, பொனெல்லிக் கழுகு. உட்கார்ந்திருக்கும்போது முதல் இரண்டையும் பிரித்துவிடலாம். லகருக்கு உச்சந்தலை செம்பழுப்பு, கன்னத்தில் மீசை மெல்லிய கோடு, நெஞ்சு வெளுப்பு. ஷாஹீனுக்குத் தலை முழுக்கக் கருப்பு, வயிறு செம்மை. ஆனால் பத்து மணிக்கு மேல் பாறை சூடேறி, காற்று மேலே எழும்போது இரண்டும் வட்டமிட்டு ஏறும். அடியிலிருந்து வெளிறிய வானத்துக்கு எதிராகப் பார்க்கும்போது இறக்கை ஓரமெல்லாம் ஊதாவாகிவிடுகிறது, மீசை தெரிவதில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் நோட்டில் "வல்லூறு, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதுதான் முறை. ஆரம்பத்தில் இதற்கு மனசு வரவில்லை. சுரங்கம் வரப்போகிறது, எல்லாவற்றையும் அரிதான லகர் என்றே எழுதினால் என்ன என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் டிகிரியைக் கூட்டி எழுதினால் அந்த நோட்டையே அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள்.

பொனெல்லிக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரிய பறவை, வயிறு வெளுப்பு, வால் நுனியில் அகலமான கருப்புப் பட்டை. திரும்பும்போது முதுகில் தோள்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "ஆத்தா, இதை நாங்க ராசாளின்னுதான் சொல்வோம். சோடியாத்தான் சுத்தும். இன்னொண்ணு அந்தப் பக்கம் இருக்கும் பாரு" என்றார். இருந்தது.

இனி, எப்படிக் கணக்கெடுக்கிறோம் என்பதையும் சொன்னால்தான் இந்தப் பொருளை நான் எதற்கு இவ்வளவு பாடுபடுத்தினேன் என்று புரியும். ஆளாளுக்கு வயல் வேலை இருப்பதால் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. ஒரு கிலோமீட்டர் நடைபாதை இரண்டு: ஒன்று கண்மாய்க்கரை வழி, இன்னொன்று மலையடிப் புதர்க்காடு வழி. மூன்று இடங்களில் பத்துப் பத்து நிமிடம் அசையாமல் நிற்பது. மாதத்தில் இரண்டு தடவை, மலைக்கு எதிரே ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேட்டைப் பறவைகளை மட்டும் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், எத்தனை பேர் போனோம், வெயிலா மேகமா எல்லாம் எழுதவேண்டும். பார்த்த எல்லாப் பறவையும் பட்டியலில் வரவேண்டும், காக்கையும் மைனாவும் உட்பட. அரிதானதை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. ஒன்றும் வராத நாளையும் எழுதவேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் வல்லூறு வரவில்லை என்பதும் கணக்கில் சேரும்.

இரவு வீட்டில் உட்கார்ந்து, பறவைப் பட்டியல்களைப் பதியும் இபேர்டு (eBird) செயலியில் ஏற்றிவிடுவேன். காசு கிடையாது. தேதி, நேரம், இடம் எல்லாம் பதிவாகிவிடும். நமக்கு வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம். கூடு இருக்கும் பாறையின் இடத்தை மட்டும் எங்கேயும் போடுவதில்லை. இந்த வல்லூறுகளும் கழுகும் குளிர்காலத்திலிருந்து கோடை தொடக்கம் வரை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். யாராவது ட்ரோனோடு வந்து நின்றால் பறவை கூட்டை விட்டுப்போய்விடும்.

சுரங்கத்துக்கு விண்ணப்பிக்கும்போது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்பதும், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு இருந்தாலே அடிப்படை ஆய்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்கு இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. சுற்றி பத்து கிலோமீட்டர் வரை பார்க்கவேண்டும், ஆனால் ஒரே பருவம் போதும். எங்கள் ஊரில் விஷயம் அந்தக் கட்டம்வரை போகவில்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று என் நோட்டை எடுத்து மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இமயமலை அடிவாரத்திலும் வடக்கிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வரும் பறவை. காலை ஆறு, மாலை ஆறு என்று கணக்காகக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். புரட்டாசி கடைசியில் வருகிறது, சித்திரையில் போய்விடுகிறது. மலையடிப் புதரில் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். நீலம், பச்சை, செந்தூரம் எல்லாம் அதன்மேல் உண்டு. இந்தப் பைனாகுலர் வழியாக நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அது. இரண்டு மீட்டர் கிட்டத்திலும் துல்லியமாகக் காட்டும் என்பதால், பாதையோரம் வந்ததைக்கூட இறகு இறகாகப் பார்க்க முடிந்தது. அந்த ஒரு பருவ ஆய்வுக்கு மே மாதம் வருகிறவர்களின் பட்டியலில் இந்தப் பறவை இருக்காது. காற்றில் ஒரே இடத்தில் இறக்கை அடித்து நிற்கும் கெஸ்ட்ரல் வல்லூறும் அதில் இருக்காது. பாறைமேல் வாலாட்டி நிற்கும் நீலப் பூங்குருவியும் இருக்காது. வடகிழக்கு மழையில் நிரம்பும் கண்மாய்கள் அதற்குள் வற்றிவிடும். நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, சீழ்க்கைச்சிரவி எல்லாம் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போயிருக்கும். வெறும் மண்ணைப் பார்த்துவிட்டு, இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிப்போவது அப்போது எளிது. மூன்று மாதம் வந்துபோகிறவர்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் இது தெரியாது. வருடம் முழுக்க அங்கேயே இருப்பவர்கள் பத்தாயிரம் ரூபாய்ப் பைனாகுலரை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிடலாம். நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பறவை அல்லாதவற்றுக்கு இது எவ்வளவு உதவும் என்று கேட்டால், பகலில் ஓரளவு உதவும். பாறையில் வெயில் காயும் உடும்பு, வரப்பில் ஓடும் கீரி, வண்ணத்துப்பூச்சி இவற்றுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் எங்கள் மலையில் உள்ள முக்கியமான இரண்டு உயிர்கள் இரவில் வருபவை: தேவாங்கும் எறும்புதின்னியும். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. தேவாங்குக்கு டார்ச் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டி, மெதுவாக நடந்து, மரக்கிளையில் கண் மின்னுகிறதா என்று பார்ப்போம். அங்கே பைனாகுலர் கழுத்துக்குப் பாரம்தான். எறும்புதின்னியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. புதிதாகப் பிளந்த கறையான் புற்று, நகம் கீறிய தடம், வளை இவற்றைப் படம் எடுத்து, பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனாவை வைத்து, தேதியோடு எழுதிவைக்கிறோம். பார்த்தேன் என்று எழுதுவதில்லை, தடம் என்று மட்டும்.

இனி குறைகள்.

எடை அறுநூற்று எண்பது கிராம். கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் கூட வரும் மெல்லிய வாரை மாட்டி இரண்டு மணி நேரம் நடந்தால் கழுத்து இறங்கிவிடும். முதுகில் குறுக்காக மாட்டும் வாரை அறுநூறு ரூபாய்க்குத் தனியாக வாங்கினேன். இதை முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க மூடிகள் லேசாக இடித்தாலே கழன்று விழும். ஒன்று வாங்கிய மூன்றாவது வாரமே கண்மாயில் விழுந்து போனது. மிச்சமிருக்கும் ஒன்றைப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவைத்திருக்கிறேன்.

வலது கண்ணுக்குத் தனியாகத் திருத்தம் வைக்கும் வளையம் தளர்வு. பையில் போட்டு எடுத்தால் நகர்ந்துவிடும். ஒரு வாரம் எனக்குக் கண்பார்வை கெட்டுவிட்டது என்றே பயந்துவிட்டேன். இப்போது சரியான இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

பெரிய குறை, பழுது பார்ப்பது. 2025 ஆகஸ்டில் ஃபோகஸ் சக்கரம் இறுகிக்கொண்டது, மண்தூசி உள்ளே போயிருக்கவேண்டும். உத்தரவாதம் இருந்ததால் அனுப்பினேன். திரும்பி வர ஏழு வாரம் ஆனது. நான்கு தடவை போன் செய்தேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆரம்பத்திலிருந்து கதை சொல்லவேண்டியிருந்தது. அந்த ஏழு வாரத்தில்தான் ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்தது. முதல் நாள் எது என்று என் நோட்டில் இல்லை. அந்தக் காலியிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தரத்தில் குறையில்லாமல் சரிசெய்துதான் அனுப்பினார்கள், அதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒரே ஒரு பைனாகுலரை நம்பி மாதக்கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள், பழுதானால் யாரிடம் இரவல் வாங்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பூஞ்சை பிடிக்கவில்லை. உள்ளே நைட்ரஜன் அடைத்தது என்று போட்டிருந்தால் அப்படிப்பட்டதையே வாங்குங்கள். ஐப்பசி கார்த்திகை நல்ல மழையில் நனைந்தும் உள்ளே ஆவி படியவில்லை. நனைந்து வந்தால் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, காற்றாடவிட்டு, அப்புறம் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைக்கிறேன். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைக்கவே கூடாது. முதலில் ஊதித் தூசியைப் போக்கவேண்டும், அப்புறம்தான் துணி. எங்கள் பக்கத்துத் தூசியில் கல்மாவு நிறைய, ஒரே தேய்ப்பில் கோடு விழுந்துவிடும்.

இன்னொன்று, இது குறை இல்லை, எல்லை. கோடையில் பத்தரை மணிக்கு மேல் பாறைமேல் கானல் ஆடத் தொடங்கினால் எட்டு மடங்கு, பத்து மடங்கு, எந்தப் பைனாகுலராலும் ஒன்றும் செய்ய முடியாது. பறவை தண்ணீருக்குள் இருப்பது போல ஆடும். அப்போது மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தோம், நானும் போனேன். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று இரவு ஊரில் வெடி வெடித்த சத்தத்தில் கண்மாய்ப் பறவைகள் எழுந்து சுற்றியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏலம் ரத்தாகிவிட்டதே, இனி எதற்குக் கணக்கு என்று சொசைட்டியில் கேட்டார்கள். பால் விலை கூடிவிட்டது என்பதற்காக நோட்டு எழுதுவதை நிறுத்துவோமா என்று நான் திருப்பிக் கேட்டேன். டங்ஸ்டன் மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. இன்னொரு தடவை யாராவது வந்து கேட்டால், அப்போது தேடி ஓடாமல் நோட்டை எடுத்து மேசையில் வைக்கவேண்டும்.

யார் வாங்கலாம் என்றால், மலைக்கோ கண்மாய்க்கோ நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்து, மாதம் இரண்டு காலையாவது ஒதுக்க முடிகிறவர்கள் வாங்கலாம். படம் எடுத்துப் போடத்தான் ஆசை என்றால் இது உதவாது, அதற்குக் கேமரா வேண்டும். பணம் இல்லையென்றால் நாலைந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். கையில் உள்ள ஆயிரத்து நானூறை 20×50-இல் மட்டும் போடவேண்டாம். பொங்கலையொட்டித் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நாள் போய், மற்றவர்களுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பறவை பார்ப்பவர்கள் கேட்டால் கொடுப்பார்கள்.

என்னுடையதை இப்போது சொசைட்டியில்தான் வைத்திருக்கிறேன். பால் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு உண்டு: யார் எடுத்தார்கள், எந்தத் தேதி, எந்தப் பாதை, எப்போது திருப்பினார்கள். இதுவரை ஒன்பது பேர் பெயர் இருக்கிறது, அதில் இரண்டு பேர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இந்த வாரம் வல்லாளபட்டியில் ஒரு அண்ணனிடம் இருக்கிறது. அவர் வயலுக்கு மேலே சாயங்காலம் ஒரு சோடி சுற்றுகிறதாம், வால் நுனியில் கருப்புப் பட்டை இருக்கிற மாதிரி தெரிகிறதாம். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், நோட்டையும் எழுதி முடித்துக்கொண்டு.